உடையப்பன் வாத்தியாரின் மீசைக் கணக்கு

சாணார்பட்டிக்குக் கிழக்கே மண்ரோட்டில் செத்த தூரம் நடந்தால் வரும் அந்த ஊரில், மீசை இல்லாத ஆண்பிள்ளையை யாரும் சும்மா விடமாட்டார்கள். உடையப்பன் வாத்தியாரையும் விடவில்லை. அறுபத்தொன்றாம் வருசத்திலிருந்து அவர் மேலுதடு வழித்த கல்லாகக் கிடந்ததற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். வாத்தியார் நாடகத்தில் பெண் வேசம் கட்டப் போகிறார் என்றார் டீக்கடைக்காரர். அவர் சம்சாரம் டீச்சரம்மா உத்தரவு போட்டுவிட்டாள் என்றார்கள் கிணற்றடியில். எவனோடோ பந்தயம் கட்டித் தோற்றுவிட்டார் என்று சத்தியம் செய்தவரும் உண்டு.

எல்லாம் வாய் வலிக்காமல் சொன்ன பொய். அவர் மீசையை எடுத்தது பழனி முருகனுக்காக. மறுபடி வைக்காமல் விட்டது ஐந்தாம் வகுப்புக்காக. அந்தக் கதையைச் சொன்னால்தான் ஆளைச் சொன்னதாகும்.

உடையப்பன் திண்டுக்கல்லில் பிறந்தவர். அப்பா தங்கமுத்து கொத்தனார். சுவர் எழும்ப எழும்ப மூங்கிலும் கயிறும் பலகையுமாகச் சாரம் கட்டி, அதில் ஏறி நின்று வேலை பார்த்து, பூச்சு முடிந்ததும் சாரத்தைப் பிரிப்பதை உடையப்பன் சின்ன வயதிலிருந்தே அண்ணாந்து பார்த்தவர். வாத்தியார் பயிற்சி முடித்து வேலைக்கு வந்தபோது, கணக்குப் பாடத்துக்கும் சாரம் கட்டுவது என்று முடிவு செய்துகொண்டார். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அவராகவே பிடித்த பிடிதான். அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அந்த முறை இப்படி. புதுக் கணக்கு என்றால் முதலில் பொருளைக் கொண்டுவந்து தரையில் கொட்டுவார். கத்திரிக்காய் மூட்டைக் கணக்குக்குக் கத்திரிக்காயே வரும். அது பழகியதும் பொருளை எடுத்துவிட்டுக் கேள்விகளை மட்டும் வைத்துக்கொள்வார். கேள்விகள் எப்போதும் அதே நாலுதான், வருசம் முழுவதும் மாறாது. "என்ன கேக்குறாக? என்ன குடுத்துருக்காக? எதை மொதல்ல செய்யணும்? வந்த விடை ஊர்ல நடக்குமா?" ஒரு ஆளுக்கு நூறு மைல் உயரம் என்று விடை வந்தால், "ஏலே அப்பு, ஊர்ல நடக்குமா?" என்பார். பையன் அழித்துவிட்டு மறுபடி போடுவான். அதுவும் பழகியதும் கேள்வியையும் நிறுத்திவிடுவார். பிள்ளையைக் கரும்பலகைக்கு அனுப்பிவிட்டு, பக்கத்தில் சுவரோடு சுவராக நின்றுகொள்வார். வாயைத் திறக்கவே மாட்டார்.

"சாரத்தப் பிரிச்சாச்சு," என்று தலைமையாசிரியர் சோலைமலையிடம் சொல்வார். "இனிமே சுவரு தன்னால நிக்கும்."

சுவரும் நின்றது. ஐந்தாம் வகுப்பில் எந்தப் பிள்ளையைக் கூப்பிட்டாலும் பலகையில் போய்க் கணக்கைப் போட்டுவிட்டு வந்தது. வாத்தியாருக்குத் தரையில் கால் பாவவில்லை.

இதில் அவர் கவனிக்காதது ஒன்று உண்டு. அவர் வாய்தான் மூடியிருந்தது. வாய்க்கு மேலே இருந்த மீசை மூடியிருக்கவில்லை.

அந்தக் காலத்தில் உடையப்பனுக்கு இருந்த மீசை அடர்த்தியானது, இரண்டு முனையும் மேலே பார்த்திருக்கும். பிள்ளை பலகையில் கணக்குப் போடும்போது இவரும் மனசுக்குள் அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பார். பெருக்க வேண்டிய இடம் வந்தால் அவர் கை தன்னால் போய் மீசையின் வலது முனையை முறுக்கும். வகுக்க வேண்டிய இடம் என்றால் இரண்டு பக்கமும் நீவிவிடும். கழித்தல் வந்தால் நுனியை உதட்டுக்குள் இழுத்துக் கடிப்பார். கூட்டல் என்றால் கீழிருந்து மேலே தூக்கிவிடுவார். பிள்ளை தப்பாக எழுதிவிட்டால் இடது முனையைத் தொட்டுப் பார்ப்பார். இதெல்லாம் அவருக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கு அத்தனையும் மனப்பாடம். ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகிற பிள்ளைகள், நான்கிலிருந்து ஏறி வருகிற பிள்ளைகளுக்கு இந்த மீசைப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். அதற்குக் கூலியாக ஆளுக்கு ஒரு நத்தம் மாங்காய் கைமாறும்.

நான்காம் வகுப்புக்கு டீச்சர் ராமுத்தாய். உடையப்பனின் மனைவி. இரண்டு வகுப்புக்கும் நடுவில் இருந்தது ஒரு மூங்கில் தட்டிதான். மாங்காய் எதற்குப் போகிறது என்று அவள் விசாரித்துத் தெரிந்துகொண்டு பல நாள் ஆயிற்று.

"பிள்ளைக கணக்கப் பாக்கல. ஒங்க மூஞ்சியப் பாக்குதுக," என்று ஒரு நாள் சோறு போடும்போது சொன்னாள்.

"வாத்தியார் மூஞ்சியப் பாக்காம வேற யார் மூஞ்சியப் பாக்கும்?"

"மீசையப் பாக்குதுகங்கிறேன்."

"ஒனக்குப் பொறாமை," என்றார் உடையப்பன். "ஒன் வகுப்புல கணக்கு வராது. என் வகுப்புல வருது."

ராமுத்தாய் குழம்பை ஊற்றினாள். உடையப்பன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அவள் புருவம் லேசாக ஏறியிருந்தது.

"உப்பு கொஞ்சம் கூட," என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். உடையப்பனுக்கு நாக்கு என்று ஒன்று இருந்ததே தவிர அதற்கு அவர் வேலை கொடுத்ததில்லை. உப்போ புளியோ உறைப்போ எல்லாவற்றையும் ராமுத்தாய் முகத்தில் பார்த்துத்தான் சொல்வார். கல்யாணமான புதிதில் அவளுக்கு நத்தத்தில் வேலை, இவருக்கு இங்கே. சனிக்கிழமை பஸ் ஏறிப் போய், ஞாயிற்றுக்கிழமை கடைசி பஸ்ஸில் திரும்பி வருவார். மற்ற நாளெல்லாம் தானே பொங்கித் தானே தின்றார். எதிரே பார்க்க முகம் இல்லாததால், அத்தனை வருசமும் உப்பு இருந்ததா இல்லையா என்றே தெரியாமல் தின்றார். மனு மேல் மனுப் போட்டு, கால் தேயக் கால் தேய நடந்து, ஒருவழியாக ராமுத்தாய்க்கு இந்த ஊருக்கு மாற்றல் வாங்கினார்கள். அவள் தகரப் பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கிய நாளை உடையப்பன் பண்டிகை நாளாகத்தான் வைத்திருந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் சோலைமலை அந்தச் சேதியைக் கொண்டுவந்தார்.

"மலைமேல ஒரு பள்ளிக்கூடம் வாத்தியார் இல்லாம கெடக்காம்," என்றார். "புது இன்ஸ்பெக்டர் வாறாரு, ராயப்பராஜ்னு பேரு. இந்தச் சுத்துல எந்த ஸ்கூல்ல கணக்கு மட்டமோ, அங்கருந்து அந்தக் கணக்கு வாத்தியார மலையேத்துறதுன்னு முடிவு பண்ணிருக்காராம். நம்மளுக்குத் திங்கக்கெழம."

"நம்ம கணக்குக்கு என்ன சார், நல்லாத்தானே இருக்கு," என்றார் உடையப்பன். வாய் சொன்னது. மனசு மலைப்பாதையை அளக்கப் போய்விட்டது. மலைக்குப் போனால் பஸ் கிடையாது. மழைக்காலத்தில் பாதையே கிடையாது. சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போகிற பிழைப்புக்குக்கூட வழியில்லை. ராமுத்தாயை விட்டுவிட்டு மறுபடி ஒற்றை அடுப்புத்தான் மூட்ட வேண்டும்.

அன்றைக்கே பழனி முருகனுக்கு வேண்டிக்கொண்டார். என்னைய இந்த ஊரிலேயே விட்டுவை, முடியைக் காணிக்கையாகத் தருகிறேன் என்று.

"மொதல்ல இன்ஸ்பெக்சன் நல்லபடியா முடியட்டும். அப்புறம் போயி மொட்டை போடுங்க," என்றாள் ராமுத்தாய்.

"காரியம் முடிஞ்ச பெறகு குடுத்தா அது கூலி," என்றார் உடையப்பன். "முன்னாலயே குடுத்துட்டா சாமியால மாட்டேங்க முடியாது."

சாமியையே மடக்கிவிட்ட தெம்போடு சனிக்கிழமை பஸ் ஏறினார்.

பழனியில் மொட்டை போடுகிறவர் தலையை நனைத்து, கத்தியைத் தீட்டி, வேலையை முக்கால்வாசி முடித்துவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க, மீசையும் சேத்துங்களா?"

உடையப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் வேண்டுனது முடிங்க. மீசை முடியில சேருமா?"

"அது நீங்க சாமிகிட்டப் பேசுனதுங்க. எனக்கென்னங்க தெரியும்?"

உடையப்பன் யோசித்தார். மீசை போனால் என்ன, ஒரு மாதத்தில் வந்துவிடும். ஆனால் முருகன் கணக்குப் பார்த்து, மேலுதட்டில் பாக்கி இருக்கிறதே என்று காரியத்தையும் பாக்கி வைத்துவிட்டால்? கணக்கு வாத்தியார் போய்ச் சாமியிடமே மீதி வைக்கலாமா?

"எடுத்துருங்க," என்றார். "ஒண்ணும் மிச்சம் வைக்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தலையில் சந்தனமும் கையில் பஞ்சாமிர்தமுமாக வாசலில் வந்து நின்ற புருசனைப் பார்த்து ராமுத்தாய் முதலில் சிரித்தாள். அவர் வாயைச் சுற்றியிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்ததும் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"மீசைய ஏங்க எடுத்தீங்க?"

"வேண்டுதல்னா முழுசா இருக்கணும்ல."

"நாளைக்கு இன்ஸ்பெக்சனுங்க." அவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "நான் என்னைக்கோ சொன்னேனே, காதுல வாங்குனீங்களா?" என்று ஆரம்பித்து, வலது முனை, இடது முனை, நீவல், கடி, மாங்காய் என்று ஒன்று விடாமல் இப்போது உடைத்துச் சொன்னாள்.

உடையப்பனுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அத்தனை வருசம் வாயைத் திறக்காமல் நின்றவர் அவர். மீசையைப் பார்த்துப் பிள்ளைகள் கணக்குப் போட்டதாம், கேட்டுக்கோ கதையை. இப்படி அவர் குதித்துக்கொண்டிருக்கும்போது, வகுப்பிலேயே கெட்டிக்காரன் என்று பேர் வாங்கிய மலைச்சாமி, அவன் அம்மா கொடுத்தனுப்பிய மோர்ச் செம்போடு உள்ளே வந்தான்.

"நல்ல சமயத்துல வந்த. நில்லுலே," என்றார் வாத்தியார். "ஒரு பாத்தியில பதினாறு செடி. மொத்தம் பன்னெண்டு பாத்தி. எத்தனை செடி?"

மலைச்சாமி வாத்தியாரின் மேலுதட்டைப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. கொஞ்சம் தலையைச் சாய்த்துப் பக்கவாட்டில் பார்த்தான். அங்கும் ஒன்றும் இல்லை. முகம் வாடிப்போய், செம்பைக் கீழே வைத்தான்.

"சார், நாளைக்குள்ள வளந்துருமா?" என்று கேட்டான்.

ராமுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உடையப்பன் வாத்தியார் உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். அந்த முகம் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. சாரத்தைப் பிரித்தாயிற்று என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர், சாரத்தை மூஞ்சியிலேயே கட்டி வைத்திருந்திருக்கிறார். வெட்கம் ஒரு பக்கம். நாளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம் ஒரு பக்கம். விடிந்ததும் அடுப்புக் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து ஒரு மீசை வரைந்துகூடப் பார்த்தார். முறுக்குவதற்குக் கை வைத்ததும் அது கன்னத்துக்கு வந்துவிட்டது. ராமுத்தாய் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள்.

"நடக்கிறது நடக்கட்டும்," என்றாள். அவள் குரலும் சரியாக இல்லை.

இன்ஸ்பெக்டர் ராயப்பராஜ் சைக்கிளில் வந்தார். நல்ல உயரம். முகத்தில் சிரிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அவர் உயரத்தையும் பார்க்கவில்லை, கடுகடுப்பையும் பார்க்கவில்லை. உள்ளே நுழைந்தவரின் மூக்குக்குக் கீழே திருத்தமான ஒரு கறுப்பு மீசை இருந்தது. அதைக் கண்டதும் வகுப்பு முழுவதும் மூச்சுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது.

இன்ஸ்பெக்டர் கணக்கைச் சொன்னார். மலைச்சாமி பலகையில் எழுதிக்கொண்டான். ஒரு வண்டியில் இருபத்துநாலு கூடை தக்காளி ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகிறது. ஒரு கூடைக்குப் பதினைந்து கிலோ. வழியில் மூன்று கூடை கவிழ்ந்துவிட்டது. மீதியை ஒன்பது கிலோ பிடிக்கிற பெட்டிகளில் அடுக்கினால் எத்தனை பெட்டி வேண்டும்?

"போடு," என்றார் இன்ஸ்பெக்டர்.

மலைச்சாமி சாக்கட்டியோடு நின்று இன்ஸ்பெக்டர் மீசையையே பார்த்தான். பின்னால் உட்கார்ந்திருந்த வகுப்பும் பார்த்தது. வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த மனுசன். வேர்வையைத் துடைக்க மீசையை இரண்டு பக்கமும் நீவிவிட்டார்.

மலைச்சாமி சடாரென்று திரும்பி இருபத்துநாலைப் பதினைந்தால் வகுத்தான். ஒன்று, மீதி ஒன்பது.

"என்னடா செய்யிற?" என்று முகம் சுளித்த இன்ஸ்பெக்டர், எரிச்சலில் வலது முனையை ஒரு முறுக்கு முறுக்கினார். மலைச்சாமி ஒன்றையும் ஒன்பதையும் பெருக்கினான்.

"ஒம்பது பெட்டி சார்."

"இருபத்துநாலு கூடை தக்காளி ஒன்பது பெட்டிக்குள்ள போயிருமா?"

மலைச்சாமி அதற்கும் மீசையில் பதில் தேடினான். இன்ஸ்பெக்டருக்கு என்ன தோன்றியதோ, கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என் மூஞ்சியில ஏதும் ஒட்டியிருக்கா வாத்தியாரே? ஏன் இம்புட்டுப் பேரும் இப்படிப் பாக்குறாங்க?"

உடையப்பன் மூங்கில் தட்டியைப் பார்த்தார். தட்டிக்கு அந்தப் பக்கம் நான்காம் வகுப்பில் சத்தமே இல்லை. ராமுத்தாய் பாடத்தை நிறுத்திவிட்டுக் காதைத் தட்டியோடு வைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை, 'மொதல்ல கழிலே' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் மலைச்சாமி பிடித்துக்கொள்வான். வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மலை கண் முன்னால் நின்றது. அத்தோடு அப்பா சாரம் பிரிக்கிற நாளும் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு கம்பைக்கூட விட்டுவைக்க மாட்டார் மனுசன். எல்லாவற்றையும் உருவிப்போட்டுவிட்டு, தள்ளிப் போய் நின்று பீடி பற்றவைப்பார்.

"ஐயா," என்றார் உடையப்பன். "நாம ரெண்டு பேரும் செத்த வெளிய போயி நிப்போம்."

"எதுக்கு?"

"நாம உள்ள இருந்தா இதுக கணக்கப் பாக்காதுக ஐயா."

இப்படி ஒரு வாத்தியார் சொல்லி இன்ஸ்பெக்டர் கேட்டதே இல்லை போலிருக்கிறது. அந்த ஆச்சரியத்திலேயே வெளியே வந்துவிட்டார். இரண்டு பேரும் சன்னலுக்குப் பக்கத்தில் வாகை மரத்தடியில் நின்றார்கள். உடையப்பன் கை மேலுதட்டுக்குப் போய், பிடிக்க ஒன்றும் இல்லாமல் இறங்கி வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே ஒரு கனைப்புக் கேட்டது. உடையப்பன் திடுக்கிட்டார். அவருடைய கனைப்புத்தான் அது, அச்சு அசல். ஆனால் கனைத்தது சின்னக்கண்ணு. முன்வரிசையில் இருக்கும் இடம் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பெண்.

"ஏலே மலைச்சாமி, பராக்குப் பாக்காத. என்ன கேக்குறாக?"

"பெட்டி எத்தனைன்னு."

"என்ன குடுத்துருக்காக?"

"இருபத்துநாலு கூடை. கூடைக்குப் பதினஞ்சு கிலோ. பெட்டி ஒம்பது கிலோ."

"எதை மொதல்ல செய்யணும்?"

சாக்கட்டி பலகையில் உரசும் சத்தம். முந்நூற்று அறுபது என்று யாரோ சொன்னார்கள். இன்னொரு குரல் ஒன்பதாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டு போனது. "நாப்பது பெட்டி," என்றான் மலைச்சாமி. "முடிஞ்சிச்சு."

"எங்கலே முடிஞ்சிச்சு? ஊர்ல நடக்குமா?" என்றாள் சின்னக்கண்ணு. வாத்தியார் சலித்துக்கொள்கிற அதே ராகம். "கவுந்த மூணு கூடை என்னாச்சு?"

"கவுந்தா என்ன? அள்ளிப் போட்டுக்கிற வேண்டியதுதான். எங்கப்பன் தக்காளிய ரோட்டுல விட்டுட்டு வந்தா எங்காத்தா வீட்டுக்குள்ள விடுமா? அதுதான் ஊர்ல நடக்குமா?"

வகுப்பு முழுவதும் மலைச்சாமி பக்கம் சாய்ந்துவிட்டது. தக்காளிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பாதிப் பேர். கூடை கவிழ்ந்ததும் போய்விட்டது என்று கைகழுவ எவருக்கும் மனசு வரவில்லை. நசுங்கியதைச் சோற்றுக்கு வெஞ்சனமாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பிள்ளை யோசனை சொன்னது.

மரத்தடியில் இன்ஸ்பெக்டர் நெளிந்தார். "நசுங்கி வீணாப் போச்சுன்னு நான் சொல்லியிருக்கணும்," என்று சன்னலைப் பார்த்து அடி எடுத்து வைத்தார்.

உடையப்பன் அவர் கையைப் பிடித்துவிட்டார். இன்ஸ்பெக்டரின் கை என்பதே அந்த நேரத்தில் அவருக்கு நினைவில்லை. "செத்த பொறுங்க ஐயா. சொல்லிக் குடுத்துறாதீங்க."

உள்ளே சின்னக்கண்ணு குரல் கேட்டது. "கேள்வியில அள்ளுனாகன்னு இருக்கா?"

"இல்ல."

"அப்ப நம்மளா அள்ளக்கூடாது. மீதியத்தான் அடுக்கச் சொல்லிருக்காக. மூணு கூடையக் கழி."

"அப்ப அது ரோட்டுலயே கெடக்கட்டுமாக்கும்?"

"கெடக்கட்டும். கணக்க முடிச்சிட்டுப் போயி அள்ளிக்க."

மலைச்சாமி முணுமுணுத்துக்கொண்டே கழித்தான். இருபத்தொரு கூடை. முந்நூற்றுப் பதினைந்து கிலோ. முப்பத்தைந்து பெட்டி. சின்னக்கண்ணு சன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "முப்பத்தஞ்சு சார். ஊர்ல நடக்கும்," என்றாள்.

உடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் முகத்தைப் பார்க்காமல், அவர் குரலைத் திருடி வைத்துக்கொண்டு பிள்ளைகள் தாங்களாகவே போட்ட கணக்கு அது. பிடித்திருந்த கையை அப்போதுதான் பார்த்தார், பதறிப்போய்ப் பிடியை விட்டார்.

"இப்பச் சொல்லுங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "என் மூஞ்சிய ஏன் அப்படிப் பாத்தாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். புது ஆளைக் கண்ட கூச்சம் என்றால் முடிந்தது. உடையப்பனுக்குப் பொய் வாயில் வரவில்லை. பழனியிலிருந்து மாங்காய் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டே மீசைக்குக் கொண்டுபோன கையைப் பாதி வழியில் நிறுத்திவிட்டார்.

"அப்ப நான் உள்ள நின்னு என்ன செஞ்சேன்?"

"வகுத்தீங்க ஐயா. அப்புறம் பெருக்குனீங்க."

இன்ஸ்பெக்டர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. உடையப்பன் அந்த முகத்தையே பார்த்தார். மலையா, ஊரா? மீசையின் வலது முனை லேசாக ஆடுவது போலிருந்தது. அது நல்லதுக்கா, கெட்டதுக்கா? இடது முனையைத் தொடுவாரா? வாத்தியார் இப்படிக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்க, இன்ஸ்பெக்டர் சைக்கிளை எடுத்து ஸ்டாண்டைத் தட்டினார்.

"அடுத்த வருசம் இதே மாசம் இங்க வருவேன்," என்றார். "அப்பவும் இந்த வகுப்புல நீங்கதான் இருக்கணும். மீசை இருக்கக்கூடாது." ஏறி மிதித்துக்கொண்டு போய்விட்டார். ரோட்டுத் திருப்பத்தில் அவர் தோள் குலுங்கியதைப் பார்த்ததாகவும், அது சிரிப்புத்தான் என்றும் சோலைமலை பிறகு சொல்லிக்கொண்டிருந்தார்.

மலைப் பள்ளிக்கூடத்துக்கு யார் போனார்கள் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. உடையப்பன் போகவில்லை. அன்றிலிருந்து மீசையும் வைக்கவில்லை. ஊர் என்ன பேசினாலும் பேசட்டும் என்று விட்டுவிட்டார். சாரம் கட்டுவதும் பிரிப்பதும் எப்போதும் போல நடந்தன, கடைசியில் மட்டும் ஒன்று சேர்ந்துகொண்டது. கணக்கைப் பலகையில் எழுதிவிட்டு வாகை மரத்தடிக்கு வந்து நின்றுகொள்வார். வெளியே நிற்கிற வாத்தியாருக்குச் சம்பளம் எதற்கு என்று கேட்டவர்களும் இருந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்துவிடாமல் வெளியே நிற்பது எம்புட்டுக் கஷ்டம் என்று கேட்டவர்களுக்குத் தெரியாது. மாங்காய் வியாபாரமும் அத்தோடு படுத்துவிட்டது.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலத்தைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ராமுத்தாய் அடுப்பை மூட்டினாள், அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். ஒருவழியாகச் சமைத்து இறக்கி, இலையைப் போட்டு, சோற்றை வைத்துக் குழம்பை ஊற்றினாள். உடையப்பன் பிசைந்து ஒரு வாய் வைத்தார். வழக்கம் போல நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

ராமுத்தாய் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"என்ன புள்ள இது?"

"மூஞ்சியப் பாக்காதீங்க," என்றாள் துணிக்குள்ளிருந்து. "இன்ஸ்பெக்டர் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னதையும் நான் சன்னல் வழியாப் பாத்தேன். பிள்ளைகளுக்கு மட்டும்தான் பாடமா? குழம்பப் பாத்துச் சொல்லுங்க."

உடையப்பன் இலையைப் பார்த்தார். இன்னொரு வாய் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். என்ன கேக்குறாக, என்ன குடுத்துருக்காக என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ரொம்ப நேரம் ஆயிற்று.

"உப்பு இல்ல," என்றார் மெதுவாக. "சுத்தமா இல்ல."

கண்ணைத் திறந்து அவள் முந்தானையைப் பார்த்தார்.

"சரியா?"

"சரிதான்," என்றாள் ராமுத்தாய். "போடவே மறந்துட்டேன். நீங்க போயிருவீங்களோன்னு காலைலருந்து உசுரு உசுரா இல்ல."

உடையப்பன் இலையை நகர்த்தி வைத்தார்.

"அப்ப துணிய எடு," என்றார். "குழம்பு எப்படியும் இருந்துட்டுப் போகுது. எனக்கு ஒன் மூஞ்சியப் பாக்கணும்."